மேற்குச் சரிவில் வைத்த புள்ளி

மார்ச் 4

அண்ணா,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பாய். பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள், அதைவிட நன்றாகத் திட்டுகிறாள். "இதுங்க ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுங்கதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்று போன வாரம் பக்கத்து வீட்டுக்காரியிடம் என் காதுபடச் சொன்னாள். நாலு வருஷமாகப் பேசாத அண்ணனுக்கு இப்போது எழுதுவது ஒரு நல்ல செய்தி சொல்லத்தான். போனில் சொல்லலாம். என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிட்டால் செய்தி பாதியில் நின்றுவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மேற்குச் சரிவு என்று இடம் குறித்த லேபிளைத் தவிர ஒரு வரிகூட எழுதாமல், இரண்டு அட்டைக்கு நடுவில் ஒரு செருப்பு ஆர்க்கிட்டைக் காயவைத்து எங்கள் ஹெர்பேரியத்துக்கு, இந்த உலர்செடிக் காப்பகத்துக்கு அனுப்பினாயே, அந்தத் தாள் இப்போது ஒரு சரிவையே காப்பாற்றியிருக்கிறது. உன் ஆய்வு நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் முகட்டில் புதுச் சாலை வரப்போகிறது. அதை மேற்குச் சரிவில் போடலாமா, கிழக்குச் சரிவில் போடலாமா என்று முடிவு செய்ய ஒரு குழு உட்கார்ந்தது. நான் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். மேற்குச் சரிவில் செருப்பு ஆர்க்கிட் இருக்கிறது, இந்த இனத்தில் நமக்குத் தெரிந்து மிச்சமிருப்பது இந்த ஒரு கூட்டம்தான் என்று சொன்னேன்.

சாலைப் பொறியாளர் சிரித்துவிட்டார். "செருப்புக்கு வழி விட்டு ரோட்டத் திருப்பணுமா மேடம்?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். ஆசியாவில் ஒரு பெரிய கூட்டம், அமெரிக்கக் கண்டங்களில் மூன்று வகை, வடக்கே குளிர்நாடுகளில் இன்னொன்று, ஆப்பிரிக்காவில் பேருக்குக்கூட ஒன்று கிடையாது என்று உலக வரைபடத்தை விரித்துக் காட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் உலகம் பூராவும் பரவியிருப்பதுபோலத் தெரியும். கிட்டே போனால் இந்த இனம் ஒரு பாறையில், அந்த இனம் ஒரு பள்ளத்தில் என்று பல இனங்கள் ஒண்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

"அப்ப பிடுங்கி வேற எடத்துல நட்டுரலாமே?" என்றார். விதை தூசி மாதிரி இருக்கும், அதற்குள் சாப்பாடு என்று ஒன்றுமே கிடையாது, மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சைதான் அதற்குப் பால் கொடுக்கும் தாய் என்று சொன்னேன். பெரிய செடியைப் பெயர்த்து நடலாம், அதன் பிள்ளைகள் முளைக்கும் மண்ணை எப்படிப் பெயர்ப்பது என்று கேட்டேன். கடைசியில் சாலை கிழக்குச் சரிவுக்குப் போனது. ஜூன் முதல் வாரம் வேலை தொடங்குகிறது.

ஓடைப் பள்ளத்தை நான் மறக்கவில்லை. என் கட்டுரையின் வரைபடத்தில் நான் வைத்த புள்ளியைப் பார்த்துத்தான் திருடர்கள் வந்து நூற்றுப் பன்னிரண்டு செடிகளையும் தோண்டிக்கொண்டு போனார்கள் என்று நீ சொன்னாய். அன்றைக்குப் பிறகு அச்சுக்குப் போகும் வரைபடத்தில் நான் புள்ளியே வைப்பதில்லை, பெரிய கட்டம் மட்டும்தான். சரியான இடம் எழுதிய பதிவேடு என் பீரோவில் இருக்கிறது, சாவி என் கைப்பையில். இதை உன்னிடம் சொல்ல நாலு வருஷம் ஆகிவிட்டது.

உன் தங்கை

மார்ச் 15

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

பத்து நாளாகக் கிழக்குச் சரிவில் ஆட்கள் குச்சி நட்டு வெள்ளைக் கயிறு கட்டுகிறார்கள். ஏனென்று தெரியாமல் இருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு தெரிந்தது.

நீ குழுவில் பேசியதற்கு நன்றி. ஆனால் கிழக்குச் சரிவையும் விட்டுவிடச் சொல்ல முடியுமா? பழைய சாலையையே கொஞ்சம் அகலப்படுத்தினால் போதாதா? கிழக்கிலும் நல்ல காடுதான்.

இங்கே வேலை வழக்கம்போல். போன பூக்கும் பருவத்தில் ஒரு செருப்பு ஆர்க்கிட் பூவின் முன்னால் ஏழு மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு ஈயைப் பார்த்தேன். மேலே உள்ள புள்ளிகளைத் தன் குஞ்சுகள் தின்னும் அசுவினிப் பூச்சிகள் என்று நினைத்து முட்டையிட வந்தது, வழுக்கிப் பைக்குள் விழுந்தது. விழுந்த வழியே ஏற முடியாது. பின்பக்கம் மயிர் வரிசை ஏணி மாதிரி இருக்கும், அதைப் பிடித்துத்தான் வெளியே வர வேண்டும். போகிற போக்கில் முதலில் சூலகமுடியில் உரசும், பிறகு மகரந்தத்தை முதுகில் அப்பிக்கொள்ளும். இவ்வளவு பாடுபட்டதற்குத் தேன் ஒரு சொட்டு கிடையாது. அந்த ஈயைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கிழக்குச் சரிவு விஷயம் கேட்டுப் பார்.

அண்ணன்

மார்ச் 23

அண்ணா,

நாலு வருஷத்துக்கு அப்புறம் எழுதிய கடிதத்தில் ஒரு ஈக்குப் பாவம் பார்த்திருக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. போகட்டும்.

பொறியாளரிடம் கேட்டேன். மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "மேடம், மேற்க விடுன்னீங்க, விட்டாச்சு. இப்ப கிழக்கயும் விடுன்னா நான் ரோட்ட ஆகாயத்துலயா போடறது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. காரணம் கேட்டால் நான் என்ன சொல்வேன், நல்ல காடு என்றா?

நான் பிறந்ததிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். நீ ஒன்றை மறைக்கும்போதுதான் ஈயைப் பற்றிப் பேசுவாய். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் பேனாவை உடைத்த அன்று சாயங்காலம் முழுக்க எறும்புப் புற்றைப் பற்றியே பேசினாய்.

அதனால் நேற்று பீரோவைத் திறந்து உன் தாளை வெளியே எடுத்தேன். எப்போதும்போல நேர்த்தியாகத்தான் இருக்கிறது. பூவின் பை நசுங்காமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்திருக்கிறாய். இலையில் ஒன்றைத் திருப்பி அடிப்புறத்தையும் காட்டியிருக்கிறாய். வேரைக் கழுவாமல் அனுப்பியதுதான் உன் வழக்கமில்லாத வேலை. அந்த வேரில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத் துகளை ஊசியால் சுரண்டி, கண்ணாடித் தட்டில் போட்டு, ஒரு சொட்டு அமிலம் விட்டேன். பொங்கி நுரைத்தது.

அது சுண்ணாம்புக்கல். மேற்குச் சரிவு அடிமுதல் முடிவரை கருங்கல். நீதான் எனக்கு அந்த முகட்டை முதலில் காட்டினாய், அங்கே சுண்ணாம்புக்கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் நீதான் சொன்னாய்.

பூசி மெழுகாமல் ஒரே வரியில் பதில் எழுது. இந்தச் செடியை எங்கே எடுத்தாய்?

தங்கை

மார்ச் 31

பூதக்கண்ணாடி,

சின்ன வயதில் உனக்கு நான் வைத்த பேர். அதைச் சொல்லிக் கூப்பிட எனக்கு இப்போது உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

கிழக்குச் சரிவில் எடுத்தேன். நீ கேட்ட ஒரு வரி அதுதான். மேற்குச் சரிவில் ஒரு செடிகூட இல்லை, எப்போதும் இருந்ததில்லை. கிழக்கில் அறுபத்து நாலு இருக்கின்றன. வெள்ளைக் கயிறு அவற்றின் நடுவில் போகிறது.

ஏன் பொய் எழுதினேன் என்றால், உன்னை நம்பவில்லை. உன் பதிவேட்டிலிருந்து இடம் வெளியே கசிகிறது என்று நினைத்தேன். அதனால் முகட்டின் மறுபக்கத்தில் ஒரு பொய்ப் புள்ளியை வைத்து அனுப்பினேன். யாராவது மேற்குச் சரிவில் வந்து தோண்டினால், காட்டிக்கொடுத்தது உன் அலுவலகம்தான் என்று தெரிந்துவிடும். செடியும் தப்பிக்கும், நீயும் மாட்டுவாய். எவ்வளவு பெரிய புத்திசாலி என்று பார்த்துக்கொள்.

இரண்டு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேற்குச் சரிவைச் சுற்றினேன். ஒருத்தனும் வரவில்லை. ஒரு கல்லைக்கூட யாரும் புரட்டவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, உன் பக்கம் தப்பில்லை என்று. அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் எதற்காகச் சோதித்தாய் என்று கேட்பாய். லேபிளையும் திருத்த வேண்டியிருக்கும். நாளைக்கு எழுதலாம், அடுத்த மாதம் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதக் கை வரவில்லை, மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஓடைப் பள்ளத்தில் வருஷா வருஷம் எண்ணுவதற்காக ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் சிவப்பு நாடா கட்டியிருந்தேன். எண்ணி முடித்ததும் அவிழ்க்க வேண்டும். அந்த வருஷம் சோம்பேறித்தனத்தில் அவிழ்க்காமல் விட்டேன். குழிகளைப் பார்த்த அன்று ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் என் நாடா அறுந்து கிடந்தது. உன் புள்ளி காட்டியது மூன்று மைல் நீளமுள்ள ஒரு பள்ளத்தை. இலைக் குப்பைக்குள் மறைந்திருந்த செடிகளை ஒன்றுவிடாமல் காட்டியது என் நாடா. நாடாக்களை எல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்து உனக்குப் போன் செய்தேன். நீதான் காரணம் என்று கத்தினேன். நீ அழுதாய். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அண்ணன்

ஏப்ரல் 8

அண்ணா,

கடிதத்தை ஆபீசில் பிரித்தேன், முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிட்டேன். மீதியை வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன்.

நாலு வருஷம் நான் அந்த நூற்றுப் பன்னிரண்டு செடிகளைச் சுமந்துகொண்டு நடந்தேன். கூட்டத்தில் யாராவது ஆர்க்கிட் என்று சொன்னால் தலையைக் குனிந்துகொள்வேன். நீ அந்த நாடாக்களைப் பையில் வைத்துக்கொண்டு என்னை அழவிட்டாய். கோபம் என்று எழுதினால் போதவில்லை.

என் மேலும் எனக்கு ஆத்திரம்தான். அந்தத் தாள் வந்த அன்றே நான் வேரைப் பார்த்திருக்க வேண்டும். புதிதாக வருகிற எந்தத் தாளிலும் மண்ணையும் லேபிளையும் ஒப்பிடாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. உன் தாளில் மட்டும் போட்டேன். ஒரு வருஷம் கழித்து அண்ணன் அனுப்பியிருக்கிறானே என்ற சந்தோஷத்தில் உன் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், செடியைப் பார்க்கவில்லை.

இப்போது வேலையைப் பேசுவோம். ஜூன் வந்தால் அறுபத்து நாலும் போய்விடும். நான் வாயால் சொன்னால் குழு கேட்காது. இடத்தைத் தெரிந்தே மாற்றி எழுதினேன் என்று நீ கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும். அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். வெளியே போய்ச் செடி சேகரிக்கும் அனுமதியை மூன்று வருஷத்துக்கு நிறுத்துவார்கள். புது லேபிள் எதிலும் உன் பேர் வரக் கூடாது. இதுவரை நீ அனுப்பிய ஆயிரத்து நூற்று நாற்பது தாள்களிலும் "இடம் சந்தேகத்துக்குரியது" என்று சீட்டு ஒட்ட வேண்டும். ஒட்ட வேண்டியவள் நான்தான்.

கை தவறி மேற்கு என்று விழுந்துவிட்டது என்று எழுதினால் உனக்கு ஒன்றும் ஆகாது, அந்த யோசனை எனக்கும் வந்தது. அப்படி எழுதாதே. உனக்காக ஒரு பொய்ப் புள்ளியை என் பதிவேட்டில் மூன்று வருஷம் வைத்திருந்தேன், தெரியாமல். தெரிந்து இன்னொன்றை வைக்க மாட்டேன்.

தங்கை

ஏப்ரல் 16

பூதக்கண்ணாடி,

கையெழுத்துப் போட்ட கடிதம் இதனுடன் இருக்கிறது. கை தவறியது என்று எழுதவில்லை. தெரிந்தே எழுதினேன் என்று எழுதியிருக்கிறேன். நாடா விஷயத்தையும் சேர்த்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். ஓடைப் பள்ளத்துக்கு நீ காரணமில்லை என்று எங்காவது ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும்.

சீட்டை ஒட்டு. மீதி ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பதும் உண்மைதான். அதை நான் சொல்லி நீ நம்பக் கூடாது.

இருபத்திரண்டு வருஷம் காலையில் எழுந்ததும் பூட்ஸைத் தேடிய கை, இனி எதைத் தேடும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் போன வாரத்தைவிட நன்றாகத் தூங்குகிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 27

அண்ணா,

குழு கூடியது. உன் கடிதத்தை எல்லோரும் படித்தார்கள். பொறியாளர், "ஒருதடவ பொய் சொன்னவர் பேச்சக் கேட்டு ரெண்டாவது தடவ ரோட்டத் திருப்புறதா?" என்றார். அவர்கள் போட்ட நிபந்தனை இதுதான். மே இருபதுக்குள் வேறொருவர் நேரில் போய், பூவோடு பார்த்து, எண்ணிக்கொண்டு வர வேண்டும். இலையை மட்டும் பார்த்து இனம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நீ கூட வரக் கூடாது. நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாட்சிக்கு வனக் காவலர் ஒருவர் என்னோடு வருவார்.

நான் மலையேறி ஒன்பது வருஷம் ஆகிறது. மாடிப்படி ஏறினாலே முழங்கால் முறையிடும். அந்தச் சரிவு எத்தனை பெரியது என்று உனக்குத் தெரியும். வழி தெரியாமல் போனால் ஒரு மாதம் தேடினாலும் கிடைக்காது.

வழியை எழுதி அனுப்பு.

தங்கை

மே 4

பூதக்கண்ணாடி,

இதுவரை யாருக்கும் சொல்லாததை எழுதுகிறேன்.

நிலையத்தின் பின்வாசலிலிருந்து வடக்கே போ. தண்ணீர்த் தொட்டி தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். நன்றாகத் தேய்ந்த பாதையை விட்டுவிட்டு, புல் மூடியதில் போ. அரை மணி நேரம் ஏறினால் இடி விழுந்து பிளந்த ஒரு மரம் வரும். அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடி, முழங்காலுக்கு ஓய்வு கொடு. அதிலிருந்து வலது பக்கம் பாறை கறுப்பிலிருந்து வெள்ளைச் சாம்பல் நிறத்துக்கு மாறும் கோடு தெரியும். அந்தக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு இருநூறு எட்டு. என் எட்டு, உனக்கு இருநூற்றைம்பது வரும்.

அங்கே ஒரு பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் அடியில் குனிந்து பார். புள்ளி விழுந்த இலைகள்தான் முதலில் தெரியும். கண் பழகியதும் பூக்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். காலை வைப்பதற்கு முன்னால் கீழே பார்.

இவ்வளவுதான் வழி. இரண்டு பேருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பயம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அண்ணன்

மே 24

அண்ணா,

உன் நிலையத்தில் நேரில் பார்த்தபோது நாம் இரண்டு பேரும் மழையையும் என் முழங்காலையும் பற்றி மட்டும் பேசிவிட்டுப் பிரிந்தோம். காவலர் பக்கத்தில் இருந்தார் என்பது ஒரு சாக்குதான். அதனால் மீதியை எழுதுகிறேன்.

உன் இருநூறு எட்டு எனக்கு இருநூற்று எழுபது. பாறைக்கு அடியில் குனிந்ததும் காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "இதுக்காம்மா இம்புட்டு சண்ட?" என்று மெதுவாகக் கேட்டார். இருபது வருஷமாகக் காய்ந்த செருப்பைத்தான் தடவிக்கொண்டிருந்தேன், பச்சையாக இத்தனையை ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் எண்ண முடியவில்லை, கண்ணை மறைத்தது.

பிறகு எண்ணினேன். எழுபத்தொன்று. உன் கணக்கில் ஏழு குறைகிறது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஏழு குட்டிச் செடிகள் பாசிக்குள் இருக்கின்றன, நீ அவற்றைப் பார்க்கவே இல்லை. பூதக்கண்ணாடி என்று பேர் வைத்தாயே, பட்டுக்கொள்.

நேற்று குழு முடிவெடுத்தது. சாலை மேற்குச் சரிவுக்கே போகிறது. கிழக்கில் நட்ட குச்சிகளை இந்த வாரம் பிடுங்கிவிடுவார்கள். பொறியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே இதுல ஒண்ணும் மாறாதே மேடம்?" என்று கேட்டார். மாறாது என்றேன்.

உன் அனுமதியை நிறுத்திய உத்தரவு தனியாக வரும். ஆயிரத்து நூற்று நாற்பது தாள்களுக்கும் நானே சீட்டு ஒட்டினேன், உதவிக்கு யாரையும் விடவில்லை. ஆறு நாள் ஆனது. ஒவ்வொரு தாளிலும் செடியைப் பார்த்து, லேபிளைப் பார்த்து, பிறகுதான் ஒட்டினேன். அந்த ஒன்றைத் தவிர இதுவரை வேறு தப்பு எதுவும் அகப்படவில்லை. ஒவ்வொன்றையும் முறையாகச் சரிபார்த்து அந்தச் சீட்டுகளை எடுக்கப் பல வருஷம் ஆகும். என் ஓய்வுக்கு இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. பல் துலக்கும்போது திடீரென்று கோபம் வருகிறது, வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே வருகிறேன். அவளிடம் நீயே எல்லாவற்றையும் சொல்.

இன்று புதுத் தாளை ஒட்டி முடித்தேன். ஒரே ஒரு பூவும் ஒரு இலையும்தான் எடுத்தேன். லேபிளில் கிழக்குச் சரிவு, சுண்ணாம்புப் பாறை, எழுபத்தொரு செடிகள் என்று எழுதினேன். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பேர். அதற்குக் கீழே, இடத்தைக் காட்டியவர் என்று ஒரு வரி இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு அதில் உன் பேரை எழுதக் கூடாது. வெறுமனே விடவும் எனக்கு மனம் வரவில்லை. விதிப்புத்தகத்தை இரண்டு தடவை படித்தேன், பேரைத்தான் தடுத்திருக்கிறார்கள். அதனால் அந்த வரியில் "அண்ணன்" என்று எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

தங்கை